வாசல்களின் விலை

வீட்டில் பாட்டு பதிவுசெய்ய ஆசைப்பட்டு ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது, "எதுல சத்தம் சுத்தமா வரும்?" கடைக்காரரிடம் பதில் தயாராக இருக்கும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று அட்டையில் அச்சிட்டிருப்பதைத் திருப்பிக் காட்டுவார். இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. இன்று மலிவு வகையில் ஓரளவு பெயருள்ள எந்தப் பெட்டியை எடுத்தாலும் அதன் சொந்த இரைச்சல் நம் வீட்டு இரைச்சலுக்குப் பக்கத்தில் வராது. ஆடியோ டெக்னிகா ஏடி2020 மாதிரியான சாதாரணக் கண்டன்சர் மைக்கின் சுய இரைச்சலே 20 டெசிபெல்தான். அதைச் சென்னையில் ஒரு வீட்டுக் கூடத்தில் நிறுத்தினால் ஃபேன் ஓடாதபோதும் கூடம் அதைவிடச் சத்தமாக இருக்கும். ஃபேன் ஓடினால் பேச்சே இல்லை. நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து ஒரு விருத்தத்தைத் தொடங்கும் நேரத்தில், தெருவில் தர்பூசணி வண்டியின் ஒலிபெருக்கி ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போகும். யோசித்துப் பார்த்தால் அதுவும் யாரோ வீட்டில் பதிவுசெய்ததுதான். நம்முடையதைவிட அதிகம் பேர் கேட்கிறார்கள்.

ஆகவே எண்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். 24 பிட்டும் 48 கிலோஹெர்ட்ஸும் போதும். பாட்டின் உச்சம் மைனஸ் 12 டெசிபெலைச் சுற்றி நிற்கும்படி கெயினை வைத்துக்கொண்டால் திடீரென்று விழும் ஒரு பலத்த அடிக்கும் இடமிருக்கும். இந்த அளவில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு 8.64 மெகாபைட் எடுக்கும். 192க்குப் போனால் அதைப்போல நான்கு மடங்கு. ஹார்டு டிஸ்க் நிறையும், காதுக்கு ஒன்றும் கூடுதலாகக் கிடைக்காது.

சத்தத்தின் தரத்தை ஒதுக்கிவிட்டால் மிஞ்சுவது ஒரே கேள்வி. ஒரே நேரத்தில் எத்தனை மைக் அந்தப் பெட்டிக்குள் நுழையலாம்? மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிக்கட்டிக்கொள்ளலாம். இதை முடியாது. மேலும் இது ஒரு சாதனத்தைப் பற்றிய கேள்வி போலத் தோன்றினாலும், அந்த அறையில் இசை எப்படி நடக்கப் போகிறது என்பதையும் இதுவே தீர்மானிக்கிறது.

பல ட்ராக் பதிவின் கதை தனியாக இருந்த ஒரு மனிதரிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்கக் கிட்டார்காரர் லெஸ் பால் 1948இல் வெளியிட்ட 'லவர்' இசைத்தட்டில் எட்டுக் கிட்டார் பகுதிகள் இருக்கின்றன, எட்டும் அவர் வாசித்தவை. அசிடேட் தட்டில் ஒன்றைப் பதிந்து, அதை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து அடுத்ததை வாசித்து இன்னொரு தட்டில் பதிந்து, இப்படி ஏற்றிக்கொண்டே போனார். ஏழாவதில் விரல் தவறினால் அந்தத் தட்டு வீண். அவருக்காக ஆம்பெக்ஸ் நிறுவனம் எட்டு ட்ராக் டேப் மெஷின் ஒன்றைச் செய்து 1957இல் அனுப்பியது. விலை 10,000 டாலர். அன்று பஞ்சம் ட்ராக்குக்குத்தான். பத்து வருஷம் கழித்து, 1967இல் பீட்டில்ஸ் குழு 'சார்ஜெண்ட் பெப்பர்' தொகுப்பைச் செய்தபோதும் அவர்கள் கையில் இருந்தவை நாலு ட்ராக் மெஷின்கள். நாலும் நிரம்பியதும் கலந்து வேறொரு டேப்புக்கு மாற்றி இடம் பண்ணிக்கொண்டார்கள்.

1979இல் டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோ 144 வந்தது. சாதாரணக் கேசட்டில் நாலு ட்ராக். 1982 ஜனவரியில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் நியூ ஜெர்சியில் தான் இருந்த வீட்டில் இதை வைத்துக்கொண்டு, ஷூர் எஸ்எம்57 மைக் இரண்டோடு, பாட்டுகளின் மாதிரிகளைப் பதிவுசெய்தார். பிறகு குழுவோடு ஸ்டூடியோவில் அதே பாட்டுகளைச் செய்து பார்த்தார்கள். அந்த வீட்டுக் கேசட்டில் இருந்தது ஸ்டூடியோவில் வரவில்லை. கடைசியில் கேசட்டையே தொகுப்பாக வெளியிட்டார்கள். அதுதான் 'நெப்ராஸ்கா'. மலிவு சாதனத்துக்குச் சாட்சி சொல்ல எல்லோரும் கூப்பிடும் உதாரணம் இது. நானும் கூப்பிடுகிறேன். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது கருவியின் மலிவைக் காட்டிலும் அந்தப் பாட்டுகளின் தனிமை. பெரும்பாலும் ஒரு குரல், ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன். அந்தப் பெட்டிக்குள் கச்சிதமாக அடங்குகிற தனிமை அது.

இன்று ட்ராக்குக்குப் பஞ்சமில்லை. ரீப்பர், ஆர்டர், ஆடாசிட்டி என்று எதைத் திறந்தாலும் கம்ப்யூட்டர் தாங்குகிற வரை ட்ராக் சேர்த்துக்கொண்டே போகலாம். லெஸ் பாலின் பத்தாயிரம் டாலர் சமாச்சாரம் கிட்டத்தட்ட சும்மா கிடைக்கிறது. காசு இப்போது வாசலுக்கு. கம்ப்யூட்டருக்குள் நுழையும் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு பிரீஆம்ப், ஒரு கன்வர்ட்டர், ஒரு துளை வேண்டும். நிறுவனங்கள் துளையை எண்ணித்தான் விலை வைக்கின்றன. 2011இல் ஃபோக்கஸ்ரைட் நிறுவனத்தின் ஸ்கார்லெட் 2ஐ2 வந்ததிலிருந்து மலிவுச் சந்தையின் நடுவில் உட்கார்ந்திருப்பது இரண்டு துளைப் பெட்டிதான். பெஹ்ரிங்கர் யுஎம்சி202எச்டி, மோட்டு எம்2 எல்லாம் அதே அளவு. ஒன்றில் மைக், இன்னொன்றில் கிட்டார். பெட்டியைப் பார்த்தாலே அது யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்துவிடும். கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பாட்டுக் கட்டுகிற ஒருவருக்கு.

அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் வீட்டை ஒட்டி அமைத்த பஞ்சதன் ஸ்டூடியோவில் இருந்துதான் 1992இல் 'ரோஜா' வந்தது. இரவெல்லாம் ஒருவர் ஒலிகளை அடுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்ததால் பிறந்த இசை அது. இன்று படுக்கையறையில் லாப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் பெண்ணுக்கும் இரண்டு துளை தாராளம். பீட்டும் பேஸும் மென்பொருளுக்குள்ளேயே பிறக்கின்றன, வெளியிலிருந்து வர வேண்டியது அவர்கள் குரல் ஒன்றுதான். அவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய் மலிவான இரண்டு துளைப் பெட்டி ஒன்றை வாங்கலாம், நஷ்டமில்லை.

சங்கடம் பாட்டுக்காரர் தனி ஆள் இல்லாதபோது தொடங்குகிறது. ஒரு கச்சேரிக் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்ப்பாட்டு ஒன்று, வயலின் ஒன்று. மிருதங்கத்துக்கு வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று இரண்டு மைக். கடமோ கஞ்சிராவோ இருந்தால் இன்னொன்று. தம்புராவை விட்டுவிடலாம். இப்போது பெரும்பாலும் எலக்ட்ரானிக் பெட்டியோ போனில் ஒரு செயலியோதான் சுருதி போடுகிறது. பாடகர் ஒரு கட்டை என்றால் அதே ஒரு கட்டையில் பின்னால் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஆக ஐந்து வாசல். இரண்டு துளைப் பெட்டியில் இவர்களை எப்படி ஏற்றுவது?

ஒவ்வொருவராக, என்பதுதான் பெட்டி சொல்லும் பதில். ஓவர்டப். சினிமாப் பாட்டு பல வருஷங்களாக அப்படித்தான் நடக்கிறது. ஜோடிப்பாட்டு பாடிய இருவர் அந்தப் பாட்டுக்காகச் சந்தித்ததே இல்லை என்பது இப்போது செய்தியே இல்லை. அங்கே பொருந்துகிறது. எழுதி முடித்த இசைக்கு யார் எப்போது வந்து வாசித்தாலும் ஒன்றுதான். கச்சேரியில் பாதி இன்னும் எழுதப்படாதது.

ஒவ்வொருவராக என்றால் முதலில் யார்? பாடகர் என்று வைத்துக்கொள்வோம். அவர் காதில் மெட்ரோனோம். கச்சேரியில் தாளம் அவர் கையில் இருக்கும். சரணத்துக்கு வரும்போது காலப்பிரமாணம் ஒரு இழை முன்னே சாயும், நிரவலில் நின்று நிதானிக்கும். யாரும் அதைத் தப்பு என்று எண்ணியதில்லை. இப்போது தாளம் பெட்டியின் கையில், இவர் அதற்குப் பின்னால் நடக்கிறார். அடுத்தது கல்பனாஸ்வரம். இவர் ஒரு ஆவர்த்தனம் பாடிவிட்டு நிறுத்த வேண்டும், வயலின் பதில் சொல்ல. ஆனால் வயலின் இன்னும் வீட்டுக்கே வரவில்லை. பதில் எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாது. பாடகர் மனதுக்குள் ஒரு பதிலைக் கற்பனை செய்து, அந்தக் கற்பனைக்குப் பதிலாக அடுத்த ஸ்வரத்தைப் பாடுகிறார். ஆலாபனை இன்னும் மோசம். வயலின்காரர் பாட்டின் பின்னால் அரை நொடி தள்ளி நிழல்போல வருவது அடுத்த பிடி தெரியாததனால்தான். மறுநாள் வந்து ஹெட்போனில் மூன்று தரம் கேட்டுவிட்டு வாசிக்கிறவருக்கு எல்லாம் தெரியும். வாசிப்பு சுத்தமாக இருக்கும். தொடர்வதற்கு மட்டும் எதுவும் மிஞ்சியிருக்காது.

மயிலாப்பூரில் ஒரு மிருதங்கக்காரரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தேன். என்னைவிட ஒரு தலைமுறை மூத்தவர். தனியாக உட்கார்ந்து பாட்டுக்கு மேல் வாசிப்பதில் அவருக்கு அனுபவம் நிறைய, அதில் வருமானமும் உண்டு.

"கஷ்டம் ஒண்ணும் இல்ல தம்பி. கோர்வை எங்க முடியும்னு முன்னாடியே தெரியும். போய்க் கரெக்டா விழலாம்" என்றார்.

"அப்புறம் என்ன அண்ணா, நல்லதுதானே?"

"தெரிஞ்ச எடத்துல விழறதுக்கு நான் எதுக்கு? பாடறவர் கையப் பாத்து, மூஞ்சியப் பாத்து, இதோ முடிக்கப் போறார்னு நெனச்சு நானும் எறங்கணும். தப்பாவும் போலாம். போனாத்தான் அடுத்த தடவை சரியா விழறப்ப அவர் திரும்பிப் பாத்து சிரிப்பார்."

இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் ஒன்றாக உட்கார வேண்டும். அப்படியானால் வாசல் கூட வேண்டும்.

ஒன்றாக உட்கார்ந்தால் ஒரு தலைவலி தானாகவே தீர்ந்துவிடுகிறது. லேட்டன்சி. தனியாகப் பதிவுசெய்கிறவர்கள் ஓயாமல் புலம்புவது இதைப் பற்றித்தான். 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபர் வைத்தால் குரல் உள்ளே போக 5.3 மில்லிசெகண்ட், வெளியே வர அதே அளவு, டிரைவரின் சொந்தத் தாமதம் வேறு. ஹெட்போனில் தன் குரலே தனக்குப் பின்னால் வரும்போது பாட முடியாது. மண்டைக்குள் கேட்கும் குரலும் இதுவும் மோதும். அதற்குத்தான் கம்ப்யூட்டரைச் சுற்றாமல் பெட்டியிலிருந்தே நேராகக் கேட்க டைரக்ட் மானிட்டர் பொத்தான் வைத்திருக்கிறார்கள். சுற்றி உட்கார்ந்து வாசிக்கிற குழுவுக்கு ஹெட்போனே வேண்டாம். காற்று போதும். காற்றுக்கும் தாமதம் உண்டு, மீட்டருக்குச் சுமார் மூன்று மில்லிசெகண்ட். பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் இருந்தால் நாலரை மில்லிசெகண்ட் தாமதத்திலேயே காலங்காலமாகக் கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது.

பதிலுக்கு வேறொரு தலைவலி வரும். ஒருவர் மைக்கில் இன்னொருவர் ஒலி. பாடகர் ஒரு சங்கதியில் சுருதி விலகினால் அந்த விலகல் வயலின் மைக்கிலும் இருக்கும், தொப்பி மைக்கிலும் இருக்கும். குரலை மட்டும் வெட்டி வேறு ஒட்ட முடியாது. பல்லவியிலிருந்து எல்லோரும் திரும்ப வாசிக்க வேண்டியதுதான். டேப்பில் பல ட்ராக் வருவதற்கு முன்பு ஐம்பது பேர் வாத்தியக் குழுவோடு பாடியவர்கள் எல்லோரும் இந்தப் பயத்தோடுதான் பாடினார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு பலன் இருந்தது என்று நினைக்கிறேன். அது பழையதெல்லாம் பொன் என்ற பல்லவியாக மாறிவிடும் என்பதால் இங்கேயே விடுகிறேன்.

எத்தனை வாசல் என்று கணக்குப் போடும்போது கடைகளில் இரண்டு மூன்று இடத்தில் ஏமாற வாய்ப்புண்டு. முதலாவது மிக்ஸர். எட்டு சேனல், பத்து சேனல் மிக்ஸரில் யுஎஸ்பி துளையும் இருக்கும். பார்த்தவுடன் எல்லா சேனலும் தனித்தனியாகக் கம்ப்யூட்டருக்குப் போகும் என்று தோன்றும். யமஹா எம்ஜி10எக்ஸ்யூ போன்ற பல மிக்ஸர்கள் எல்லாவற்றையும் கலந்து இடது, வலது என்று இரண்டே ட்ராக்காகத்தான் அனுப்பும். மேடைக்கு நல்ல சாதனம். மறுநாள் உட்கார்ந்து வயலினை மட்டும் கொஞ்சம் ஏற்ற நினைத்தால் முடியாது. சேனல்களைத் தனித்தனியாக அனுப்புகிற சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே, ஜூம் லைவ்ட்ராக் வகைகள் வேறு ரகம், வேறு விலை.

இரண்டாவது பெயரில் இருக்கும் எண். ஸ்கார்லெட் 18ஐ8 என்றால் பதினெட்டு மைக் போடலாம் என்று அர்த்தமில்லை. மைக் பிரீஆம்ப் நாலுதான். மற்றவை நாலு லைன் இன்புட், எஸ்பிடிஃப் இரண்டு, ஏடாட் என்ற ஆப்டிகல் துளை வழியாக எட்டு. பெஹ்ரிங்கர் யுஎம்சி1820இல் அதே பதினெட்டுக்குள் மைக் பிரீஆம்ப் எட்டு. விளம்பரத்தின் பெரிய எண்ணை விட்டுவிட்டு, மைக் கேபிள் செருகும் மூன்று முள் துளைகளைப் படத்தில் விரல் வைத்து எண்ணுவது நல்லது.

மூன்றாவது, இரண்டு துளைப் பெட்டி இரண்டு வாங்கினால் நாலாகிவிடாதா என்ற யோசனை. மேக்கில் இரண்டையும் ஒன்றாகக் காட்ட வழியிருக்கிறது. விண்டோஸில் ஆசியோ டிரைவர் பொதுவாக ஒரு பெட்டியோடுதான் பேசும். எப்படியோ ஓட்டிவிட்டாலும் இரண்டு பெட்டிக்குள்ளும் இரண்டு கடிகாரம். பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரக் கச்சேரியின் முடிவில் வயலினும் மிருதங்கமும் 72 மில்லிசெகண்ட் பிரிந்திருக்கும். இரண்டு வித்வான்களுக்குள் அவ்வளவு இடைவெளி விழுந்தால் மேடையிலேயே சண்டை வரும். ஏடாட் துளையுள்ள பெட்டியாக வாங்கினால் இந்தப் பிரச்சினை இல்லை. பின்னால் பணம் வரும்போது பெஹ்ரிங்கர் ஏடிஏ8200 போன்ற எட்டு மைக் பிரீஆம்ப் பெட்டியை ஒரே ஆப்டிகல் கேபிளில் சேர்க்கலாம், கடிகாரமும் ஒன்றாகிவிடும். வளரும் வீட்டுக்கு மாடிக்கம்பி விட்டு வைப்பது மாதிரி.

யுஎஸ்பி 2 போதுமா, 3 வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: எட்டு ட்ராக் சேர்ந்தாலும் நொடிக்கு 10 மெகாபிட்டைத் தொடாது. யுஎஸ்பி 2இன் அளவு 480. போதும். கரண்ட் வேறு விஷயம். சிறிய பெட்டி லாப்டாப்பிலிருந்தே உயிர் வாங்கிக்கொள்ளும். எட்டு துளைப் பெட்டிக்குச் சுவர் கரண்ட் வேண்டும். தனி ஆவர்த்தனத்தின் நடுவில் கரண்ட் போனால் லாப்டாப் விழித்திருக்கும், பெட்டி செத்திருக்கும். வீட்டு இன்வர்ட்டர் மாறும் அந்த ஒரு கணத்திலும் சில பெட்டிகள் அணைந்து எரியும். சின்ன யுபிஎஸ் ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எட்டு துளையின் உண்மையான செலவு பெட்டியில் இல்லை. எட்டு மைக், எட்டு ஸ்டாண்ட், எட்டு கேபிள். இவற்றின் விலை பெட்டியைத் தாண்டிப் போய்விடும். அதோடு ஒவ்வொரு மைக்கும் ஒரு பொறுப்பு. மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் மைக் வைத்தால், அடி விழும்போது ஒரு தோல் தன் மைக்கை விட்டு விலகும், மறு தோல் தன் மைக்கை நோக்கி வரும். இரண்டு ட்ராக்கையும் அப்படியே கூட்டினால் தொப்பியின் கும்கி மெலிந்துபோகும். ஒன்றில் ஃபேஸைத் திருப்பிப் பார்க்க வேண்டும். குரல் மைக்குக்கும் வயலின் மைக்குக்கும் நடுவிலும் இதே தகராறு வேறு வடிவத்தில் நடக்கும். மைக் கூடக் கூட மறுநாள் வேலையும் கூடும். அப்போதெல்லாம் எனக்கு ஒலிப்பதிவின் ஆரம்ப வருஷங்கள் நினைவுக்கு வரும். 1925 வாக்கில் மின் ஒலிப்பதிவு வரும் வரை எல்லோரும் ஒரே தகரப் புனலுக்கு முன்னால்தான் வாசித்தார்கள். குரல் பக்கத்தில், சத்தமான வாத்தியம் தள்ளி. மிக்ஸிங் என்பது நாற்காலியை நகர்த்துவது.

இரண்டு துளைப் பெட்டி ஏற்கெனவே வைத்திருக்கிற குழுவுக்கு அதுவே நல்ல வழி. கண்டன்சர் மைக் இரண்டை ஜோடியாக எதிரில் நிறுத்தி, உட்காரும் இடத்தை மாற்றி மாற்றி வைத்து, நாற்காலி இல்லாவிட்டால் ஜமுக்காளத்தை இழுத்து, சமன் வந்ததும் பதிவுசெய்யலாம். ஓவர்டப் செய்வதைவிட இது மேல் என்று தயங்காமல் சொல்வேன். புதிதாக வாங்குகிறவரிடம் நான் சொல்வது நாலு துளை. யுஎம்சி404எச்டி அளவில் இருந்தால் போதும். இரண்டு வாசல் எதிரில் நிற்கும் அந்த ஜோடி மைக்குக்கு. மூன்றாவது பாடகருக்கு, சாகித்தியம் தெளிவாகக் கேட்க வேண்டுமே. நாலாவது தொப்பிக்கு. கச்சேரி வரிசையில் மிருதங்கம் பாடகரின் வலப்பக்கம் உட்கார்வதால் வலந்தலை கேட்பவர்களைப் பார்த்திருக்கும், ஜோடி மைக் அதைத் தானாகவே பிடித்துக்கொள்ளும். தொப்பி பின்னால் திரும்பியிருப்பதால் அதற்குத்தான் உதவி தேவை.

கேபிளை மட்டும் மூன்று மீட்டரில் வாங்க வேண்டாம், ஆறு மீட்டராக வாங்குங்கள். பழநி சுப்பிரமணிய பிள்ளை மாதிரி இடக்கை வாசிப்பவர் ஒருவர் வந்தால் வயலினும் மிருதங்கமும் இடம் மாறும், தொப்பி மைக் கூடத்தின் அந்தக் கோடிக்குப் போக வேண்டியிருக்கும்.